காந்தத்தைக் கழற்றாமல் இருந்திருக்கலாம்

இசைத்தட்டில் பள்ளம் வெட்டும் பழைய கட்டிங் ஹெட்டைப் பழுதுபார்த்தவர்கள், கெடுத்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். நான் இரண்டாம் வகை. முதலில் என் கதை.

நியூஜெர்சியில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் விற்ற சாமான்களுக்கிடையே பிரஸ்டோ ஹெட் ஒன்று கிடைத்தது. டேப் வருவதற்கு முன் அமெரிக்க வானொலி நிலையங்கள் பலவற்றில் இந்த நியூயார்க் நிறுவனத்தின் தட்டு வெட்டும் லேத்துகள்தான் நிகழ்ச்சிகளைப் பதிந்தன. அலுமினியத் தட்டின்மேல் பூசிய அரக்கில் ஊசி நேரடியாகப் பள்ளம் வெட்டும். வெட்டிய கையோடு போட்டுக் கேட்கலாம்.

ஹெட்டுக்குள் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு காந்தம், ஒரு காயில் (கம்பிச்சுருள்), நடுவே ஆடும் சின்ன இரும்புத் துண்டு. அதுதான் ஆர்மச்சூர். காயிலில் பாயும் மின்சாரத்துக்கேற்ப அது இடவலமாக அசைய, நுனியிலுள்ள ஊசியும் கூடவே அசையும். கண்டபடி துள்ளாமலிருக்க ரப்பர் வைத்து அடக்கியிருப்பார்கள். மல்டிமீட்டரில் காயில் நன்றாக இருந்தது. ரப்பரை நகத்தால் அழுத்தினேன், பிஸ்கட்போல் உதிர்ந்தது.

துடைக்கிற உற்சாகத்தில் காந்தத்தையும் கழற்றி இரண்டு நாள் மேசையில் சும்மா போட்டுவைத்தேன். திரும்பப் பூட்டியதும் ஆம்பிளிஃபயரை எவ்வளவு திருகினாலும் முனகல்தான். அந்தக் காலத்துக் காந்தங்களை இரும்புச் சுற்றிலிருந்து பிரித்தால் வலு குறைந்துவிடும். பிரிக்கும்போதே இரு முனைகளையும் ஓர் இரும்புப் பட்டையால் இணைத்துவிட வேண்டும். இது பிறகுதான் தெரிந்தது. ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் ஒருவர், பூட்டிய நிலையிலேயே மறுபடி காந்தமேற்றிக் கொடுத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை, சிரித்தார்.

அடுத்து ரப்பர். சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். பிறகு வெவ்வேறு சுருதிகளை ஒரே வேகஅளவில் வெட்டி, அறையை இருட்டாக்கி, தூரத்து விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். 1930இல் புக்மன், மேயர் என்ற இரு ஜெர்மானியர்கள் சொன்ன முறை இது: பள்ளங்களில் தெரியும் ஒளிப்பட்டையின் அகலமே அசைவின் வேகத்தைச் சொல்லிவிடும். எல்லாப் பட்டைகளும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். என் தட்டிலோ எலியை விழுங்கிய பாம்புபோல ஓரிடத்தில் உப்பியிருந்தது. அந்தச் சுருதியில் ஆர்மச்சூரை ரப்பர் அடக்கவில்லை என்று பொருள். நான்கு முறை ரப்பர் மாற்றினேன். இப்போதும் லேசான தொந்தி இருக்கிறது. அதோடு வாழப் பழகிவிட்டேன்.

—

என்னிடம் இருப்பது பிரிட்டனின் கிராம்பியன் நிறுவனத்து ஹெட். காயில் சரி, ரப்பர் சரி, ஆனாலும் கரகரப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆர்மச்சூர் இடைவெளியில் மயிரிழை அளவு இரும்புத் துகள். ஊதிப் பார்த்தேன், காந்தம் விடுமா? சுவரில் படம் ஒட்டும் பசைக்களிமண்ணைக் கூர்மையாக உருட்டி ஒற்றி எடுத்தேன், ஒரு மாலை முழுக்க. இன்னொன்று: இரும்பு ஸ்குரூடிரைவரை அருகில் கொண்டுபோகவே கூடாது. காந்தம் வெடுக்கென்று இழுத்து, தலைமுடி கனமுள்ள காயில் கம்பியை அறுத்துவிடும். எனக்கு ஒரு முறை அறுந்தது. நல்லவேளை, சாலிடர் முனைக்குப் பக்கத்திலேயே. அன்றிலிருந்து பித்தளைக் கருவிகள்தான்.

—

முதலில் எழுதியவருக்கு: நான்கு முறை ரப்பர் மாற்றிச் சோதிக்க எத்தனை வெற்றுத் தட்டுகள் செலவாயின என்று சொல்லவில்லையே! 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் அரக்குத் தட்டுகள் செய்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபின், நான் அரக்குத் தட்டைச் சோதனைக்குத் தொடுவதே இல்லை. முதல் வெட்டெல்லாம் பிளாஸ்டிக் தட்டில்தான்.

தீ என்றதும் நினைவு வருகிறது. வெட்டும்போது சுருண்டு வரும் கருப்பு இழையைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது நைட்ரோசெல்லுலோஸ், பழைய சினிமா ஃபிலிமின் உறவுக்காரன். ஒரு நாள் சாலிடரிங் கம்பியின் சூடு பட்டு ஒரு கைப்பிடி இழை ‘புஸ்’ என்று போய்விட்டது. என் இடது புருவத்தில் பாதியும்தான். இப்போது மேசையடியில் தண்ணீர் நிரம்பிய ஊறுகாய் ஜாடி இருக்கிறது.

—

பதினொரு தட்டுகள் ஐயா. மனைவியிடம் ஆறு என்று சொல்லியிருக்கிறேன்.