தீபாவளி பர்ச்சேஸை வைத்து 7, 8ஆம் வகுப்புக்குச் சதவீதக் கணக்கு: எப்படி நடத்தலாம்?

மஞ்சக்குப்பம்_டீச்சர்:

வணக்கம். ஏழு, எட்டு இரண்டு வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். தீபாவளி லீவுக்கு முந்தைய வாரம் 40 நிமிஷ பீரியடு மூன்று கிடைக்கும். அதில் சதவீதம், தள்ளுபடி, இலாப நட்டம், ஜிஎஸ்டி எல்லாவற்றையும் துணி, ஸ்வீட், பட்டாசு வாங்குவதோடு சேர்த்து நடத்த யோசனை. கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் தொங்குகிற ஆஃபர் போர்டு பசங்களுக்கு மனப்பாடம், அதனால் ஆர்வத்துக்குக் குறைவிருக்காது. என் பயம் வேறு. விலைப்பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் அது கூட்டல் கணக்காகவே முடிந்துவிடும். தப்பாகச் சதவீதம் போட்டவனுக்கும் பட்ஜெட்டில் பணம் மிஞ்சும், தப்பு வெளியே தெரியாது. இன்னொன்று, வீட்டில் என்ன வாங்கினார்கள் என்று கேட்க விருப்பமில்லை. துறைமுகத்துப் பக்கப் பிள்ளைகளும் முந்திரி உடைக்கப் போகிற குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். எப்படி அமைக்கலாம்?

வில்லியனூர்_கணக்கு:

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. அதற்கு மருந்து, பட்ஜெட்டை இறுக்கிப் பிடிப்பது. ஒவ்வொரு தப்பும் கல்லாவில் வந்து இடிக்கிற மாதிரி தொகையை வைக்க வேண்டும். வீட்டுக் கணக்கு வேண்டாம் என்பதும் சரி. எல்லாக் குழுவுக்கும் ஒரே கற்பனைக் குடும்பம், ஒரே தொகை கொடுங்கள்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கையில் ரூ. 4,000. விலை அட்டைகள் இப்படி:

புடவை ரூ. 1,499, தள்ளுபடி 30%.
வேட்டி சட்டை செட் ரூ. 1,600, போர்டில் ‘50% + 20%’.
பிள்ளைகளுக்கு உடுப்பு, ஒன்று ரூ. 600. ஒரு கடையில் ‘2 வாங்கினால் 1 இலவசம்’, பக்கத்துக் கடையில் அதே உடுப்பு 30% தள்ளுபடியில்.
ஸ்வீட் ஒரு கிலோ ரூ. 640.
பட்டாசுப் பெட்டி: ஒரு கடையில் அச்சிட்ட விலை 3,000, தள்ளுபடி 80%. இன்னொன்றில் அச்சிட்ட விலை 1,500, தள்ளுபடி 60%. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே.
நிபந்தனை: பட்டாசு 15%-ஐத் தாண்டக் கூடாது. பஸ் செலவும் 4,000-க்குள்ளேயே.

சரியாகப் போட்டால் புடவை 1,049.30, செட் 640, பிள்ளைகளுக்கு 420 வீதம் 840, ஸ்வீட் 640, பட்டாசு 600. மொத்தம் 3,769.30. பஸ்ஸுக்கு 230.70 மிஞ்சும். ஊரிலிருந்து திருப்பாப்புலியூருக்கு நாலு பேர் போய்வர டிக்கெட் எவ்வளவு என்று பிள்ளைகளே விசாரித்து வரட்டும்.

இனி எங்கே இடிக்கும் என்று பாருங்கள். ‘50% + 20%’ என்பதை 70% என்று கூட்டுகிற குழு செட்டுக்கு 480 ஒதுக்கும். கடைக்காரர் கேட்பதோ 640, கல்லாவில் 160 குறையும். 1,600-இல் பாதி போனால் 800. இருபது சதவீதம் அந்த 800-இல்தான், 1,600-இல் இல்லை. ஆக மொத்தத் தள்ளுபடி 60%. இலவசத்துக்கு ஆசைப்பட்டு ‘2 வாங்கினால் 1’ அட்டையை எடுத்தவர்கள் 1,200 கட்ட வேண்டும், கூட்டுத்தொகை 4,129.30 ஆகி பட்ஜெட் உடையும். அந்த ஆஃபர் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 33⅓% தள்ளுபடி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சைபர். மூன்று உடுப்பு தேவை என்றால் 1,200-க்கு எதிரே 1,260, அப்போது இலவசக் கடையே மேல். இந்த ஒரு அட்டைக்கு மட்டும் கால் மணி நேரம் ஒதுக்கினாலும் தகும்.

பட்டாசில் இரண்டு கடையும் ரூ. 600தான். முக்கால்வாசி வகுப்பு யோசிக்காமல் 80% கடைக்கு ஓடும். ஓடட்டும், தடுக்காதீர்கள். பில் போட்ட பிறகு பேசுங்கள்.

15% நிபந்தனையை வேண்டுமென்றே அரைகுறையாக எழுதியிருக்கிறேன். எதில் 15%? கையில் இருக்கும் 4,000-இல் என்றால் 600 சரியாக 15%. செலவழித்த 3,769.30-இல் என்றால் கிட்டத்தட்ட 16%, விதி மீறல். ‘எதில் சார்?’ என்று ஒரு குழுவாவது கேட்டால் பாடம் நடந்துவிட்டது. சதவீதத்தில் பசங்க செய்கிற தப்பில் பெரும்பாலானது பெருக்கலில் இல்லை, எதை 100 என்று வைத்துக்கொள்வது என்பதில்தான்.

1,499-க்கு 30% வாய்க்கணக்காகவே வரவேண்டும். 1,500 என்று வைத்தால் 10% 150, மூன்று மடங்கு 450, மீதி 1,050. கூடுதலாகச் சேர்த்த ஒரு ரூபாயை அப்படியே கழித்து 1,049 என்பார்கள். கழிக்க வேண்டியது அந்த ஒரு ரூபாயின் 70%, அதாவது 70 காசு. கால்குலேட்டர் சரிபார்க்க மட்டும். உத்தேச விடையை முதலில் பேனாவில் எழுத வையுங்கள், பென்சில் என்றால் பிறகு அழித்துவிடுவார்கள்.

ஆறு அட்டைக்கு மேல் வேண்டாம். பொம்மைப் பணம், கடை அலங்காரம் எல்லாம் வைத்தால் ஒரு பீரியடு வெட்டி ஒட்டுவதிலேயே போய்விடும்.

புதுவை_மேத்ஸ்:

மேலே சொன்னது முதல் பீரியடுக்கும் இரண்டாவதுக்கும் சரியாக இருக்கும். மூன்றாவதை நிஜ பில்லுக்கு விடுங்கள். ஆசிரியர்கள் தங்கள் பில்லைக் கொண்டுவந்தால் போதும், பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம். தெர்மல் தாள் பில் சில வாரத்தில் வெளுத்துவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அதில் உள்ள போன் நம்பரை மறைத்துவிட்டு எடுங்கள்.

பில்லில் தேடச் சொல்ல வேண்டியவை: கடையின் ஜிஎஸ்டி எண், வரிக்கு முந்தைய மதிப்பு, மத்திய வரி, மாநில வரி, கடைசியில் ரவுண்ட் ஆஃப். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: கடலூர் கடை என்றால் 33, புதுச்சேரி நேரு வீதிக் கடை என்றால் 34. இரண்டு ஊரிலும் பர்ச்சேஸ் செய்கிற குடும்பங்கள்தான் நம் பக்கம் அதிகம். எந்த பில் எந்த ஊர் என்று கடைப் பெயரை மறைத்துவிட்டுக் கேட்டால் துப்பறியும் ஆட்டம் மாதிரி செய்வார்கள்.

இங்கே மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். துணியின் டேகில் உள்ள எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது. பாடப்புத்தகக் கணக்கில் விலை தனி, வரி தனி. பசங்க புத்தக வழியிலேயே போய் டேக் விலை மேல் இன்னொரு 5% ஏற்றிவிடுவார்கள். அதைத் தாண்டினாலும் அடுத்த குழி இருக்கிறது. மேலே சொன்ன 840 ரூபாயில் வரி எவ்வளவு என்றால் 840-இல் 5% என்று 42 எழுதுவார்கள். சரியான விடை 40. சரக்கின் மதிப்பு 100 என்றால் நாம் கொடுப்பது 105, ஆகவே வரி 840 × 5/105. சுருக்கமாக 21-ஆல் வகுத்தால் போதும். பில்லில் 800, மத்திய வரி 20, மாநில வரி 20 என்று இருக்கும். கரும்பலகையில் 800-லிருந்து ஏறியும் 840-லிருந்து இறங்கியும் இரண்டு பக்கமும் காட்டுங்கள். எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணித’த்தில் இது ஒன்று பிடிபட்டால் மீதி தானாக வரும்.

பழைய வினாத்தாள்களிலிருந்து கணக்கு எடுத்தால் 12%, 28% என்று வரும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருளுக்கு 5 அல்லது 18தான். பெருக்கல் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பில்லோடு ஒப்பிட்டால் குழம்புவார்கள்.

முதுநகர்_அளவை:

எல்லாரும் ரூபாயிலேயே நிற்கிறீர்கள். அளவையிலும் ஏராளம் இருக்கிறது, அதுவும் ஆறாம் வகுப்பிலிருந்தே செய்யலாம்.

காலி ஸ்வீட் பெட்டி ஒன்றை எடை போடுங்கள். அட்டை தடிமனைப் பொறுத்து மாறும். 75 கிராம் என்று வைத்துக்கொண்டால், பெட்டியோடு சேர்த்து நிறுத்தும்போது கிலோ 640 ரூபாய் ஸ்வீட்டில் 48 ரூபாய் அட்டைக்குப் போகிறது. நிகர எடைதான் விலைக்குரிய எடை. பெட்டியை வைத்துத் தராசைச் சைபர் ஆக்கிவிட்டு ஸ்வீட்டை அடுக்கச் சொல்ல வேண்டும்.

முழம்: பூக்காரம்மா கைக்கும் பிள்ளை கைக்கும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து பார்க்கட்டும். 45 செ.மீ. கையில் 10 முழம் நாலரை மீட்டர், 40 செ.மீ. கையில் 4 மீட்டர். வித்தியாசம் அரை மீட்டர். பெரிய கையை 100 என்று வைத்தால் 11.1% குறைவு, சின்னக் கையை 100 என்று வைத்தால் 12.5% அதிகம். அரை மீட்டர் ஒன்றே, சதவீதம் இரண்டு. வில்லியனூர் சார் சொன்ன விஷயமேதான், ரூபாய் இல்லாமல்.

பலகாரத்துக்கு எண்ணெய்: ஒரு கடையில் லிட்டர் 240, செக்கில் கிலோ 255. 240 சின்ன எண் என்று வாங்கினால் நட்டம். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் நிற்கும். 240-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ ஏறக்குறைய 264. பாக்கெட்டின் பின்னால் மில்லியும் கிராமும் இரண்டும் போட்டிருப்பார்கள், காலிப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை.

மஞ்சக்குப்பம்_டீச்சர்:

மூவருக்கும் நன்றி. இறுக்கமான பட்ஜெட் என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். எட்டாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் இதை அரை மணியில் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு என்ன கொடுப்பது? ஏழாம் வகுப்பில் தனி வட்டியையும் இதற்குள் கொண்டுவர முடியுமா?

புதுவை_மேத்ஸ்:

முடித்தவர்களை வியாபாரி பக்கம் உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தை, உங்களுக்கு எந்தத் தரைக்கடையும் ஆகும். டி-சர்ட் 40, கொள்முதல் 120 வீதம் 4,800, வண்டிச் செலவு 200. அடக்கம் ஒன்றுக்கு 125. 25 டி-சர்ட் 200 வீதம் விற்றாயிற்று. தீபாவளிக்கு முந்தின ராத்திரி மீதி 15-ஐ 80 வீதம் தள்ளிவிடுகிறார். அந்த ஒவ்வொன்றிலும் 45 ரூபாய், அதாவது 36% நட்டம். அப்படியானால் அவர் முட்டாளா? மொத்த வரவு 5,000 + 1,200 = 6,200. இலாபம் 1,200, அதாவது 24%. ‘80-க்கு விற்காமல் அடுத்த வருஷத்துக்கு வைத்திருந்தால்?’ என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

இன்னொன்று வரைபடம். ஆயத்த ஆடைக்கு ஒன்றின் விலை 2,500 வரை வரி 5%, அதற்கு மேல் 18%. வரிக்கு முந்தைய விலை 2,500 என்றால் கட்டுவது 2,625. 2,501 என்றால் 2,951.18. ஒரு ரூபாய்க்கு 326 ரூபாய் எகிறுகிறது. கோடு ஓரிடத்தில் அறுந்து மேலே தாவும். 2,500-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும்தான் 18% என்று பலர் நினைப்பார்கள், வருமான வரி அப்படி இருப்பதால் பெரியவர்களும்கூட. இங்கே முழு விலைக்கும் 18%.

திருப்பாப்புலியூர்_அக்கவுண்ட்ஸ்:

தனி வட்டிக்குத் தீபாவளிச் சீட்டை விட நல்ல கணக்கு கிடையாது. மாதம் 500, 12 மாதம், கடைசியில் பலகாரம், பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். பிள்ளைகள் 6,000 கட்டினோம், 6,000-க்குச் சரக்கு வந்தால் சரிக்குச் சரி என்பார்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் கட்டுவதாக வையுங்கள். முதல் 500 சீட்டுக்காரரிடம் 12 மாதம் இருந்தது, இரண்டாவது 11 மாதம், கடைசித் தவணை 1 மாதம். கூட்டினால் 78. ஆக, 500 ரூபாய் 78 மாதம் இருந்ததற்குச் சமம். அந்தப் பணம் நம்மிடமே இருந்து வருஷத்துக்கு 6% வட்டி தந்திருக்கும் என்றால் மாதத்துக்கு அரை சதவீதம், 500-க்கு இரண்டரை ரூபாய், 78 மாதத்துக்கு 195. எனவே சரக்கின் மதிப்பு 6,195-ஐத் தாண்டினால்தான் ஆதாயம். வழக்கமான தப்பு, 6,000-க்கு ஒரு வருஷ வட்டி என்று 360 போடுவது. முழுப் பணமும் வருஷம் முழுக்க அவரிடம் இல்லையே.

சரக்கின் மதிப்பைப் போடும்போது சீட்டு நோட்டீசில் உள்ள விலையை எடுக்காதீர்கள். பட்டாசுக்கு அச்சிட்ட 3,000-ஐ எழுதினால் கணக்கு எப்போதும் சீட்டுக்காரருக்குச் சாதகமாகத்தான் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் அன்றைய கடை விலையைப் பிள்ளைகள் விசாரித்து எழுத வேண்டும். சீட்டுக்காரர் ஓடிப்போனால் என்ன என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு விடை தனி வட்டியில் இல்லை. 6,000-மும் போகும் என்று மட்டும் சொல்லுங்கள், நாம் கணக்குப் போட்ட வட்டி 200 ரூபாய் அளவுதான் என்பதைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.