மருமக்கள்வழி மான்மியம்: எள்ளல் ஒரு வழக்கத்தை ஒழித்ததா?

யாப்பன்பன்:
கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைக் குழந்தைப் பாடல்களோடு நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. 1917-18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்து, 1942இல் நூலான ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’தான் அவருடைய தலையாய படைப்பு என்பது என் துணிபு. ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்குச் சேராமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும் மருமக்கள்வழி முறையில், குடும்பத் தலைவரான ஒரு காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் துயரத்தைத் தானே சொல்கிறாள். இம்முறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் பிறந்ததற்கு இந்த நூல் எழுப்பிய நகைப்பே முதற்காரணம்.

வடசேரி வாசகி:
முதற்காரணம் என்பதை ஏற்க இயலாது. இதே போன்ற முறையைப் பின்பற்றிய நாயர் சமூகத்துக்குத் திருவிதாங்கூர் அரசு 1912இலேயே ஒரு சட்டமும் 1925இல் மற்றொரு சட்டமும் இயற்றியது. அங்கே எந்த மான்மியமும் தேவைப்படவில்லை. படித்து வேலைக்குச் சென்றவர்கள் தாம் ஈட்டிய பொருள் தம் மக்களுக்கே சேர வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதுதான் உண்மையான விசை. இன்னொரு குறையும் உண்டு. ‘மாமி அரசியற் படலம்’ போன்ற பகுதிகளில் வாசகர் சிரிப்பது மாமியாரையும் சக்களத்திகளையும் பார்த்துத்தானே தவிர, அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் காரணவரைப் பார்த்து அல்ல.

யாப்பன்பன்:
நாயர் சட்டங்கள் முன்னோடி என்பது சரியே. சட்டம் வந்ததற்கு இந்நூலே முதற்காரணம் என்று சொல்வதை விட்டுவிடுகிறேன். ஆனால் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதில் உங்களோடு உடன்பட மாட்டேன். தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது எள்ளிப் பாடுவதை, வெளிப்படையாகச் சொல்லும் செம்பொருள், மறைத்துச் சொல்லும் கரந்தது என இரண்டாக வகுக்கிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் அவனுக்குப் போரே தெரியாது என்று உணர்த்திய ஔவையின் புறநானூற்றுப் பாட்டு (95) கரந்த அங்கதத்துக்குச் சிறந்த சான்று. கவிமணியும் அவ்வழியில்தான் செல்கிறார். கம்பர் இராமனின் குலப்பெருமையைச் சொல்ல வைத்த ‘குலமுறை கிளத்து படலம்’ என்ற தலைப்பை, தந்தையின் உடைமையில் பிள்ளைகளுக்கு உரிமையில்லாத ஒரு குடும்பத்தின் கதைக்கு அப்படியே சூட்டுகிறார். வழக்காடிச் சொத்தழிந்த கதைக்குக் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று பெயர் (கோடு என்றால் நீதிமன்றம்). அந்தப் பெயரே, குடியை முடித்தவர் யார் என்பதைச் சொல்லிவிடவில்லையா? சோற்றுக்கும் பாத்திரத்துக்கும் பெண்கள் சண்டையிடும்போது, அவர்களுக்கு வேறு எந்த உரிமையும் விட்டுவைக்கப்படவில்லை என்பதையே நாம் காண்கிறோம்.

வடசேரி வாசகி:
தலைப்புகளைப் பற்றிய உங்கள் விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. கம்பரை அறிந்த வாசகருக்கு அந்தக் குத்தல் நன்றாகவே உறைத்திருக்கும். எனினும் கம்பரை அறியாதவர் கைக்கு இந்நூல் சென்றால், அவருக்குச் சக்களத்திச் சண்டை மட்டுமே எஞ்சும். அங்கதம் எவ்வளவு கரந்து சொல்லப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பழி தவறானவர்மேல் விழும் வாய்ப்பும் கூடுகிறது. இந்த நூலில் அப்படி நிகழ்ந்திருக்கிறது என்ற என் கருத்து மாறவில்லை.