நிறுத்தும் நேரம் 110 மில்லி விநாடி: நம்பலாமா?

கேள்வி:
கையை எவ்வளவு வேகமாக நிறுத்த முடிகிறது என்று பார்க்கும் சோதனை நடத்துகிறேன். திரையில் அம்புக்குறி வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். நான்கில் ஒரு ட்ரையலில் (ஒவ்வொரு முறை அம்பு வருவதும் ஒரு ட்ரையல்) அம்புக்குப் பின் 'பீப்' ஒலிக்கும், உடனே கையை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் பீப்பின் தாமதம் 50 கூடும், தவறினால் 50 குறையும் (எல்லாம் மில்லி விநாடியில்). மற்றவர்களுக்கு நிறுத்தும் நேரம், அதாவது பீப்பிலிருந்து கையை நிறுத்த ஆகும் நேரம், 200 முதல் 250. ஒருவருக்கு மட்டும் 110. மூளையே அவ்வளவு வேகமா, கணக்கில் பிசகா?

பதில் 1:
பிசகுதான். நிறுத்தும் நேரத்தை நேரடியாக அளக்க வழியில்லை; கை நின்றுவிட்டால் அளக்க அசைவே இல்லையே. லோகன், கோவன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் முன்வைத்த பந்தய மாதிரியில் 'அழுத்து', 'நிறுத்து' இரண்டும் தனித்தனியே ஓடுகின்றன, முந்துவது வெல்கிறது. அதை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

அவருடைய அழுத்தும் நேரங்களை வந்த வரிசையிலேயே வரைந்து பாருங்கள். 420இல் தொடங்கி 700 வரை ஏறியிருந்தால், பீப் வருமா என்று காத்திருந்து அழுத்தியிருக்கிறார். அந்தத் தரவை ஒரே மூட்டையாகக் கட்டினால் நிறுத்தும் நேரம் குறைத்துக் காட்டும். ட்ரையல்களைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, தொகுதி தொகுதியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள்.

பதில் 2:
அழுத்தும் நேரத்தின் சராசரியிலிருந்து பீப் தாமதத்தின் சராசரியைக் கழிக்கும் பழைய முறையா? அதை விட்டுவிடுங்கள். பீப் இல்லாத ட்ரையல் 200, பீப் வந்தும் அழுத்தியது 45 சதவீதம் என்றால், அந்த 200 நேரங்களையும் ஏறுவரிசையில் அடுக்கி 90ஆவதை எடுங்கள். அது 470, பீப்பின் சராசரித் தாமதம் 240 என்றால் விடை 230. பீப் இல்லாதபோதும் அழுத்தாமல் விட்ட ட்ரையல்களை வீசிவிடாதீர்கள். அவருடைய மிக நீண்ட நேரத்தை அங்கே இடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டியது: பீப் வந்தும் அழுத்தியவற்றின் சராசரி, பீப் இல்லாதவற்றின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலென்றால் பந்தய மாதிரியே பொருந்தவில்லை, அவருக்கு எண் கணக்கிடவே கூடாது. பீப் ட்ரையல்கள் 50க்குக் குறையாமலும் இருக்கட்டும்.

பதில் 3:
உடல் பக்கமிருந்தும் 110 இடிக்கிறது. வலது முன்மூளைப் புறணியின் கீழ்ப்பகுதியிலிருந்து கட்டளை மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியைச் சுற்றாமல், நேரே சப்தலாமிக் கரு என்ற சிறு பகுதிக்குப் போகிறது. அது குளோபஸ் பாலிடஸ் என்ற அருகிலுள்ள பகுதியின் உட்பகுதியைத் தூண்ட, அந்தப் பகுதி, அசைவுக்கான சைகைகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸை அடக்குகிறது. குறுக்குவழிதான், ஆனாலும் பீப்பைக் கேட்டு உணரவே நேரம் பிடிக்கும். விரல் தசையில் மின்முனை ஒட்டினால், பொத்தானைத் தொடாத ட்ரையல்கள் சிலவற்றிலும் ஒரு சிறு துடிப்பு எழும். பீப்புக்குப் பின் ஏறத்தாழ 160இல்தான் அது தணியத் தொடங்கும். தசையே 160 கேட்கும்போது 110 எங்கிருந்து வரும்?

பதில் 1:
அடுத்தவருக்கு, "காத்திருக்காதீர்கள், சில முறை நிறுத்த முடியாமல் போவது இயல்பு" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தொகுதி முடிவிலும் அவருடைய சராசரி நேரத்தைத் திரையில் காட்டுங்கள்.