மறு: ‘ஸ்கிராப்புக்’ – ‘ஒட்டேடு’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

படம், சீட்டு, செய்தித்தாள் நறுக்கு எல்லாவற்றையும் பக்கங்களில் சேர்த்துக் குறிப்பு எழுதி வைக்கும் ‘ஸ்கிராப்புக்’குக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஓடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். துண்டுப்புத்தகம், வெட்டொட்டு நூல், நினைவேடு, நினைவுப்பெட்டகம், கதம்ப ஏடு என்று சொற்கள் வந்துவிட்டன. ‘ஸ்கிராப்புக்’ என்றே விட்டுவிடலாம் என்றும் இருவர் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் மடலில் ஒரே வரியில் வந்து, யாரும் எடுத்துப் பேசாமல் போன ‘ஒட்டேடு’ என்ற சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. பல வருடமாகக் கத்தரியும் பசையுமாக இந்த வேலையைச் செய்து வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் வைப்பதற்கு முன்னால் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். என்னிடம் இருக்கும் ஒன்றில் ஒரு பக்கம். மேலே இடப்புறம் அம்மாவின் சிறிய படம், ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடிக்கிறார். படம் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. அதன் பக்கத்தில் பழைய தபால் உறையிலிருந்து கிழித்த ஒரு சீட்டு. நான் பள்ளிவிட்டு வரும்போது பூட்டிய கதவின் இடுக்கில் அம்மா செருகி வைத்துவிட்டுப் போனது: ‘சாவி பக்கத்து வீட்டில். மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடு.’ இதில் ‘மழை’ வரைக்கும் நீல மை. ஐகாரக் குறியிலேயே மை தேய்ந்து, ழகரம் வெறும் கீறலாக நிற்கிறது. ‘வந்தால்’ தொடங்கிப் பென்சில். அம்மா அவசரமாக வீட்டுக்குள் திரும்பிப் போய்ப் பென்சிலைத் தேடி எடுத்து வந்திருக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே, அது எந்த வருடம், அப்போது அம்மா எங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று என் கையெழுத்தில் நாலு வரி.

படத்தை எந்த ஆல்பத்திலும் வைக்கலாம், நாலு வரியை எந்த நாட்குறிப்பிலும் எழுதலாம். அந்தச் சீட்டுக்குத்தான் வேறு எங்கும் இடம் கிடையாது. படமும் சீட்டும் எழுத்தும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருப்பதுதான் ஸ்கிராப்புக். நாம் தேடும் சொல் அந்தச் சீட்டையும் தாங்க வேண்டும்.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

> ஸ்கிராப் = துண்டு, புக் = புத்தகம். நேராகவே ‘துண்டுப்புத்தகம்’ என்று வைத்துவிடலாமே?

தமிழில் துண்டு என்றால் முதலில் தோளில் கிடக்கும் துண்டுதான் கண்ணுக்குத் தெரியும். ‘துண்டுப் பிரசுரம்’ நெடுநாளாக வழங்குவதால், துண்டுப்புத்தகம் என்று கேட்டவர் நாலு பக்கச் சிறு வெளியீடு என்றே எடுத்துக்கொள்வார். ஸ்கிராப் என்ற சொல்லும் நம் பேச்சில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது, பழைய இரும்பு, ஓட்டை உடைசல் என்ற பொருளில். அந்த வாசனை அம்மாவின் சீட்டின் மேல் ஒட்டவே கூடாது.

ஆங்கிலத்தார் வைத்த கோணத்தில்தான் நாமும் வைக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. டச்சு மொழியில் இதற்கு ‘பிளாக்புக்’ என்று பெயர், பிளாக் என்பது ஒட்டுவதைக் குறிக்கும். ஸ்வீடிஷ்காரர்கள் ‘கிளிப்பூக்’ என்கிறார்கள், கத்தரிப்பதை வைத்து வந்த பெயர். பிரெஞ்சில், துண்டுகளை ஒட்டிப் படம் செய்வதைக் குறிக்கும் கொலாஜ் என்ற சொல்லும் ‘ஒட்டு’ என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். மிச்சம் மீதியைப் பார்த்து ஆங்கிலம் பெயர் வைத்தது, கை செய்யும் வேலையைப் பார்த்து இவர்கள் வைத்தார்கள். எனக்கு இவர்கள் வழி பிடித்திருக்கிறது.

> நினைவேடு என்பதைவிட அழகான சொல் கிடைக்குமா?

அழகான சொல்தான், மறுக்கவில்லை. நானே இரண்டு வருடம் அதைத்தான் பயன்படுத்தினேன். மகளின் முதல் வருடத்துக்கு ஒன்று செய்து, அட்டையில் பெரிதாக ‘நினைவேடு’ என்று எழுத்து வெட்டி ஒட்டினேன். என் பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘குழந்தை புத்தகத்துக்கு எதுக்கும்மா இந்தப் பேரு? நல்லாயில்லையே’ என்றார். முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நினைவு நாள், நினைவு மலர், நினைவஞ்சலி, நினைவிடம் என்று அச்சில் அவர் பார்த்த ‘நினைவு’ எல்லாம் மறைந்தவர்களைச் சுற்றியே இருந்திருக்கிறது. அட்டையிலிருந்து அந்த எழுத்துகளை அன்றைக்கே பிரித்து எடுத்துவிட்டேன்.

இன்னொரு சிக்கல், நினைவேடு மிகவும் அகலமான சொல். நாட்குறிப்பும் நினைவேடுதான், தன்வரலாறும் நினைவேடுதான். கலைச்சொல் என்று வந்துவிட்டால், கேட்டவுடன் இன்ன பொருள் என்று மனதில் விழ வேண்டும்.

கதம்ப ஏட்டைக் கைவிட எனக்கு மனமில்லைதான். ஆனால் பல விஷயம் கலந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. பத்திரிகைகளில் பல்சுவைப் பக்கத்துக்கும் அதே பெயர் உண்டு.

சரி, ஒட்டேடு. ஒட்டு + ஏடு. குற்றியலுகரம் தானாக ஓடிப்போய்ச் சொல் இயல்பாகச் சேர்கிறது. குறிப்பேடு, பதிவேடு, பேரேடு, கையேடு, நாளேடு என்று ஏட்டுக் குடும்பம் ஏற்கெனவே பெரியது, புது உறுப்பினர் வந்தால் யாரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள். ஒட்டேட்டில், ஒட்டேட்டுக்கு, ஒட்டேடுகள் என்று வேற்றுமையும் பன்மையும் தடங்கலில்லாமல் வருகின்றன. ஸ்கிராப்புக்கிங் என்பதற்குத் தலைப்பிலோ பாடத்திட்டத்திலோ ‘ஒட்டேட்டுக் கலை’ என்று எழுதலாம். பேச்சில் ‘ஒட்டேடு செய்கிறேன்’ என்றால் போதும். பற்றேடு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பற்று என்றதும் வரவு கூடவே வந்து நிற்கும், கணக்குப் புத்தகமாகிவிடும்.

‘ஓட்டு’ என்று காதில் விழுமே என்ற கவலை எனக்கு இல்லை. குறிலையும் நெடிலையும் நாம் மாற்றிக் கேட்பதில்லை.

> நல்ல ஸ்கிராப்புக்கில் எதையும் ஒட்டவே கூடாது என்றுதான் ஆவணக் காப்பாளர்கள் சொல்கிறார்கள். பெயரே தவறான வேலையைச் சொல்லித்தரலாமா?

இந்த இழையில் வந்த கேள்விகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். கேட்டவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த உண்மையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் பழைய ஆல்பம் ஒன்று இருந்தது. அட்டைப் பக்கம் முழுவதும் வரிவரியாகப் பசை, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். தாளைப் பிரித்துப் படத்தை வைத்து மூடினால் வேலை முடிந்தது. அப்போது அது பெரிய வசதியாக இருந்தது. பல வருடம் கழித்துத் திறந்தபோது பசை பழுப்பேறி, வரிகள் படத்தின் ஓரமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன. படத்தை இழுத்தால் முனை மடங்குகிறது, பின்பக்கத் தோல் உரிகிறது. கடைசியில் மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல மெல்ல இழுத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு படங்கள் வரவே இல்லை. அவற்றை அட்டையோடு சேர்த்து வெட்டி வைத்திருக்கிறேன்.

பசை ஒரு பக்கம் என்றால் தாள் இன்னொரு பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த தாள் பெருகியது. மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் தாளில் அமிலத்தைக் கொண்டுவந்தது. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். செய்தித்தாள் நறுக்கு சில மாதத்திலேயே மஞ்சளாவதும், பக்கத்தில் இருக்கும் படத்துக்கும் கறையைத் தருவதும் இதனால்தான். ஆகவே அமிலமும் லிக்னினும் இல்லாத தாள், கால்சியம் கார்பனேட் சேர்த்துக் காரத்தன்மை ஊட்டிய தாள் என்று தேடி வாங்குகிறோம். உறை போடுவதென்றால் பி.வி.சி. பிளாஸ்டிக் கூடாது, பாலிப்ரொப்பிலீனோ பாலியெஸ்டரோ இருக்கட்டும். படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 18916 என்ற சர்வதேசத் தரச் சோதனையே இருக்கிறது.

அப்படியானால் ஒட்டேடு என்ற பெயர் நிற்குமா? நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவின் சீட்டு என் பக்கத்தில் நான்கு மூலைச்செருகிகளில் உட்கார்ந்திருக்கிறது. படங்களின் முனையைச் செருகி நிறுத்தும் முக்கோணத் தாள்பைக்குத்தான் மூலைச்செருகி என்கிறேன். செருகியைத்தான் பக்கத்தில் ஒட்டினேன், சீட்டின் மேல் ஒரு பொட்டுப் பசை இல்லை. வேண்டும்போது உருவி எடுத்து, பின்பக்கம் உறையில் பாதியாக நிற்கும் தபால் முத்திரையையும் பார்க்கலாம். ஒட்டும் வேலை நடக்கிறது, ஒட்டப்படும் பொருள்தான் மாறியிருக்கிறது. அலங்காரத் தாள், மடித்துச் செய்த பூ, குறிப்பு எழுதிய அட்டை, நகலெடுத்த நறுக்கு எல்லாவற்றுக்கும் இன்றும் பசைதான்.

இதைவிடப் பெரிய காரணம், ஒட்டு என்ற சொல் தமிழில் பசையோடு நின்றுவிடவில்லை. ‘ஒட்டும் இல்லை உறவும் இல்லை’ என்கிறோம். ‘பிள்ளை யாரோடும் ஒட்ட மாட்டேன் என்கிறான்’ என்கிறோம். ஒட்டுதல் என்றாலே நெருக்கம், பாசம். வீட்டு மனிதர்களின் அன்றாடத்தைச் சேர்த்து வைக்கும் ஏட்டுக்கு இந்த இரண்டாவது பொருள் கூடவே வருவது எவ்வளவு நல்ல விஷயம்! நினைவு என்ற சொல்லைப் போடாமலே, அது கொண்டுவரும் துக்கச் சாயலும் இல்லாமல், உறவு உள்ளே வந்துவிடுகிறது.

வரலாறும் நம் பக்கம்தான். எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1873-இல் ஒரு ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பக்கங்களில் முன்பே கோந்து பூசிக் காயவைத்திருக்கும், ஈரம் தொட்டு நறுக்கை வைத்தால் பிடித்துக்கொள்ளும். பசையைக் கையாள்வதுதான் இந்த வேலையின் தொல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கணினியில் செய்வதற்கு என்ன பெயர் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குத் தனியே மெனக்கெட வேண்டாம். தமிழ் இடைமுகங்களில் வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்றும் ஏற்கெனவே பழகிவிட்டன. திரையில் செய்தாலும் அது ஒட்டேடுதான், வேறுபடுத்த வேண்டிய இடத்தில் மட்டும் மின்னொட்டேடு என்று எழுதிக்கொள்ளலாம். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியிலேயே, வெட்டி எடுத்த படங்களையும் எழுத்தையும் சேர்த்து வைக்க ‘ஸ்கிராப்புக்’ என்று ஒரு சிறு செயலி இருந்தது. அந்தப் பெயருக்கும் ஒட்டேடு அப்படியே பொருந்துகிறது.

துணைச்சொற்களில் மூலைச்செருகியை மேலே சொல்லிவிட்டேன். படத்துக்குப் பக்கத்தில் நாம் எழுதும் யார், எப்போது, எங்கே என்ற சிறு பதிவுக்குப் பக்கக்குறிப்பு போதும். இதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் வருத்தம். அட்டையும் அலங்காரமும் ஐம்பது வருடம் கழித்து யாருக்கும் எதையும் சொல்லாது, அந்த இரண்டு வரிதான் சொல்லும். நிறமியுள்ள, நீரில் கரையாத மையால் எழுதுங்கள்.

பயணச்சீட்டு, அழைப்பிதழ், ரசீது, கதவில் செருகிய சீட்டு போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் எஃபெமரா என்கிறார்கள், ஒரே நாள் வாழ்வது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உதிரிப்பூ, உதிரி பாகம் என்ற வரிசையில் ‘உதிரித்தாள்’ என்று வைக்கலாமா? ஒரு நாளோடு உதிர வேண்டியது என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. சில தாள் நிஜமாகவே உதிர்ந்துவிடும். வெப்பத்தாளில் அச்சான பேருந்துச் சீட்டு ஒன்றை ஆசையாக வைத்தேன், இரண்டே வருடத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. அதில் மை என்று எதுவும் இல்லை, சூட்டில் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. அப்படிப்பட்டதை உடனே நகலெடுத்து, நகலை வையுங்கள்.

உதிரித்தாளில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு. குழந்தையின் முதல் சட்டையில் அவிழ்ந்த பொத்தான், உலர்ந்த இலை, துணி ஓரம் இவையும் அதே பக்கத்தில் வருகின்றன, இவை தாள் இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘உதிரி’ என்று மட்டும் வைத்தால் பொருள் தெளிவாக நிற்குமா, அல்லது வேறு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா? ஒட்டேட்டுக்கு மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள். இரண்டும் முடிவானதும் விக்சனரி இணைய அகராதியில் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு அம்மாவின் சீட்டையே எழுதலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்.