14 மி.மீ. லென்ஸில் கட்டடம் சாய்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கமுங்க. கோவை பீளமேட்டில், அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தை ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில், மிக அகலமாகக் காட்டும் 14 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்து வருகிறேன். உச்சி தெரிய அண்ணாந்து பிடித்தால் சுவர்க்கோடுகள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடமே பின்னால் சாய்கிறது. மட்டமாகப் பிடித்தால் கோடுகள் நேராகின்றன, ஆனால் பாதிப் படம் தார்ச்சாலைதான். ஓரத்தில் நின்ற இளநீர் வண்டியின் சக்கரம் முட்டை மாதிரி இழுபட்டுவிட்டது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நிமிர்த்தினால் கீழ் மூலைகள் வெட்டுப்படுகின்றன. நான் ஆசைப்பட்ட கருங்கல் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது!

எதிர் மாடியில் ஏறி, பாதி உயரத்திலிருந்து மட்டமாக எடுக்கலாமா? இல்லை, கேமராவை அண்ணாத்தாமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி உச்சியைப் பிடிக்கும் 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸே சரியா? கோவை, திருப்பூர் பக்கம் அது வாடகைக்குக் கிடைக்குமா? முகப்பு வடக்குப் பார்த்தது. அதனால் அந்தி மயங்கி உள்விளக்குகள் எரியும் நேரத்தைத்தான் நம்பியிருக்கிறேன். எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்க.