தட்டு ஏறிப்போய் எடப்பக்கம் சரியுது: ‘தட்டெறி கூட்டம்’ வாட்ஸ்அப் குழு

சனி, மாலை 6:42

அஜின்: ஷிபு அண்ணே, லிஜி அக்கா, தங்கச்சி டிஸ்க் கால்ஃப்ல (தட்ட எறிஞ்சு தூரத்துல உள்ள கூடையில போடுத ஆட்டம்) எறிஞ்ச வீடியோ போடுதேன். பாத்துச் சொல்லுங்க. தட்டு கைய விட்டதும் மேல ஏறுது, நடுவழியில நிக்குது, பொறவு எடப்பக்கம் சரிஞ்சு விழுது. பலத்தக் கூட்டினா இன்னும் ஏறுது.

அஜின்: 🎥 வீடியோ

ஷிபு அண்ணன்: கையில இருக்கது என்ன தட்டு?

அஜின்: டெஸ்ட்ராயர் அண்ணே. 175 கிராம்.

ஷிபு அண்ணன்: முதல்ல அத வாங்கி பையில போடு.

தங்கராஜ் மாமா: 😂😂

லிஜி அக்கா: அஜின், டெஸ்ட்ராயருக்க வேக எண் 12, ரொம்ப வேகமா எறியுதவங்களுக்கு உள்ள தூரத் தட்டு, அதாவது டிரைவர். ரிம், அதாவது தட்டச் சுத்தி உள்ள தடிச்ச விளிம்பு, அதுக்க அகலம் 2 சென்டிமீட்டருக்கு மேல வரும். போட்டி விதிப்படி ரிம் 2.6 செ.மீ. வரைதான் போகலாம், அப்ப இது எவ்வளவு தடின்னு பாத்துக்க. 13 வயசுப் பிள்ளைக்க வெரல் அந்த ரிம்மச் சுத்தி உள்பக்கச் சுவர்ல நல்லா அழுத்துமா? நுனி போய் தொடும், அவ்வளவுதான். தொட்டா போதாது, வெரல் நுனியில உள்ள சதை சுவர அழுத்தணும்.

லிஜி அக்கா: கிட்டத்துல இருந்து குறிக்கு எறியுத புட்டர்ல ரிம் ஏறக்குறைய 1 செ.மீ., நடுத்தூரத்துக்கு உள்ள மிட்ரேஞ்ச்ல 1.3, வேகம் கொறஞ்ச டிரைவரான ஃபேர்வே டிரைவர்ல 1.6ல இருந்து 1.9. பிள்ளைக்கு மிட்ரேஞ்ச்ல தொடங்கி, வெரல் நல்லா எட்டினா 6, 7 வேகத்துல உள்ள ஃபேர்வே டிரைவர் குடுங்க. அந்த வகைத் தட்டு, லெப்பர்ட், இருக்குல்லா உங்க வீட்ல?

அஜின்: இருக்கு. 165 கிராம்.

லிஜி அக்கா: கொள்ளாம். அதக் குடு.

ஸ்டெல்லா சித்தி: தட்ட மாத்தினா ஏறுதது நிக்குமா? எனக்க மவனுக்கும் இதே கததான். அவனுக்க கை பெரிய கை, பனம் வெட்டுத கை. அவன் தட்டும் ஏறத்தான் செய்யுது.

ஷிபு அண்ணன்: நிக்காது சித்தி. தட்டு பாதி காரணம். மீதி, ரிம் உள்ளங்கையில எங்க இருக்குன்னு உள்ளது. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். தட்டுக்க மூக்கு, அதாவது பறக்கும்போது முன்னால போற விளிம்பு, கைய விட்டு வரும்போதே மேல தூக்கி நிக்குது. மூக்கு தூக்கினா காத்து அடியில புடிச்சுத் தள்ளும். தட்டு ஏறும், வேகம் செத்துப்போவும், வேகம் செத்தா வலக்கை பேக்ஹேண்ட்ல (கைய நெஞ்சுக்குக் குறுக்க கொண்டு போய் வெளிய வீசுத எறி) எடப்பக்கம்தான் விழும். பலம் கூட்டினா காத்து தள்ளுதது கூடும், அதான் இன்னும் மோசமாவுது.

ஷிபு அண்ணன்: இதத் திருத்த ஒடம்ப வளைக்க வேண்டாம், தோள தாழ்த்த வேண்டாம். நிறைய பேரு அதச் செஞ்சு முதுகு வலிய வாங்கிட்டு வருவாவ. பிடியத் திருத்தினா போதும். எழுதுதேன், கொஞ்சம் பொறுங்க.

தங்கராஜ் மாமா: எழுது மக்கா. நான் கட்டன்சாயா போட்டுட்டு வாறேன்.

ஷிபு அண்ணன்: எடக்கையில தட்ட வயித்துக்கு நேரா மட்டமாப் பிடிக்கணும். வலக்கை உள்ளங்கைய விரிச்சுப் பாருங்க, பெருவெரலுக்குக் கீழ ஒரு சதைமேடு, சுண்டுவெரலுக்குக் கீழ ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவில ஒரு பள்ளம் ஓடும். ரிம்முக்க வெளி விளிம்பு, ஆள்காட்டி வெரலுக்க ரெண்டாவது கணுவுல தொடங்கி, குறுக்கே சரிஞ்சு அந்தப் பள்ளத்துல வந்து உக்காரணும். வெட்டோத்திக்க பிடிய முஷ்டிக்குள்ள நேர்குறுக்கா இறுக்கினா கத்தி மேல நிமிந்து நிக்கும். கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சா கை போற நீளத்துக்கே கத்தியும் போவும். தட்டும் அப்படித்தான்.

ஷிபு அண்ணன்: உக்காந்ததும் முதல்ல ஆள்காட்டி வெரல அடியில மடக்கி உள்சுவர்ல ஊன்று. அதுக்கு நேர் மேல பெருவெரல வை. இந்த ரெண்டும் சேந்து தட்ட நுள்ளுத மாதிரி இருக்கணும். பொறவு நடுவெரல், மோதிரவெரல், சுண்டுவெரல மடக்கு. எல்லாம் மடக்கியாச்சுன்னா மணிக்கட்ட சுண்டுவெரல் பக்கமா லேசா தாழ்த்து. முன்னும் பின்னும் மடக்கக் கூடாது, கீழ மட்டும். இப்ப தட்டும் முழங்கைக்குக் கீழ உள்ள கையும் ஒரே கோட்டுல வரும்.

அஜின்: சரியா வந்திருக்கான்னு எப்படிப் பாக்கது?

ஷிபு அண்ணன்: கையப் பக்கவாட்டுல நேரா நீட்டி நிக்கச் சொல்லு. நீ அவ நெஞ்சுக்கு முன்னால நின்னு, தட்டு விளிம்பு உயரத்துக்கே போன வச்சு படம் எடு. படத்துல தட்டு ஒரு கோடாத் தெரியும். கைக் கோடும் தட்டுக் கோடும் ஒண்ணாப் போவணும், இல்லன்னா தூர விளிம்பு ஒரு நூல் கீழ இருக்கலாம். மேல இருந்தா மூக்கு தூக்கி இருக்குன்னு அர்த்தம்.

அஜின்: 📷 படம்

லிஜி அக்கா: பாத்தியா, தூக்கித்தான் இருக்கு. பெருவெரலும் பாரு, தட்டுக்கு நடுவாக்குல போய் சும்மா படுத்துக் கெடக்கு. அழுத்தமே இல்ல. பெருவெரல் ரிம்முக்கு ஒட்டி உள்பக்கமா, ஆள்காட்டிக்கு நேர் மேல இருந்தாத்தான் மூக்கு தூக்காம புடிச்சு நிறுத்தும். பெருவெரல் மிதந்தா தட்டு கைய விடும்போது நடுங்கவும் செய்யும்.

ஸ்டெல்லா சித்தி: மவன் சொல்லுதான், நாலு வெரலையும் மடக்கினா தொலைவு போவும், குறி போவும்னு. வெரல விரிச்சுப் பிடிச்சாத்தான் குறி நிக்குதாம்.

லிஜி அக்கா: அவன் சொல்லுததுல பாதி சரி சித்தி. நாலு வெரலும் ரிம்முக்குள்ள மடங்கினா பவர் கிரிப். அடியில தட்டுல விரிச்சு வச்சா ஃபேன் கிரிப். விரிச்சா தட்ட அடியில தாங்கப் பரப்பு கூடுது, அதனால சாய்வு நம்ம கைக்குக் கேக்கும். ஆனா சுவர்ல அழுத்தம் கொறையும், சீக்கிரம் நழுவும், சுழற்சி கொறையும். 10 மீட்டர்ல இருந்து குறிக்கு எறியுத புட்டுக்கும், 30, 40 மீட்டர்ல இருந்து குறிக்குக் கிட்ட கொண்டு போடுத அப்ரோச்சுக்கும் அது தாராளம். டிரைவர அப்படி எறிஞ்சா பாதி வழியில சரியும்.

லிஜி அக்கா: நடுவில ஒரு பிடி இருக்கு. ஆள்காட்டியும் சுண்டுவெரலும் ரிம்முல மடங்கி இருக்கும், நடுவெரலும் மோதிரவெரலும் லேசா நீண்டு தட்டுக்கு அடியில படும். மிட்ரேஞ்சுக்கு எனக்கு இதுதான் பிடித்தம். உங்க மவனுக்கு பெரிய கைன்னு சொன்னியல்லா? புட்டருக்க மெல்லிசு ரிம்முல நீள வெரல் நாலையும் மடக்கினா எடமே இருக்காது, கசங்கிப் போவும். அவனுக்கு இதத்தான் சொல்லிக் குடுங்க. சின்னக் கைக்குத் தடி ரிம் ஒத்துக்காது, பெரிய கைக்கு மெல்லிசு ரிம் ஒத்துக்காது. கிரிப்புக்க பேரப் பாக்காதீங்க, வெரலையும் ரிம்மையும் சேத்துப் பாருங்க.

தங்கராஜ் மாமா: வந்துட்டேன். தட்ட விடுத எடத்துல ஒரு கேள்வி. எனக்குத் தட்டு சில நேரம் எடப்பக்கமே போவுது, சில நேரம் வலப்பக்கம் ரப்பர் மரத்துல போய் அடிக்குது. மூக்கு சரியாத்தான் இருக்கு, படமும் எடுத்துப் பாத்தாச்சு. ஒரே ஆள், ஒரே தட்டு.

ஷிபு அண்ணன்: அது இறுக்கம் மாமா. வலக்கை பேக்ஹேண்ட்ல தட்டு முன்னாலயே நழுவினா எடப்பக்கம் போவும். கை விடாம இழுத்துட்டுப் போய் பிந்தி விட்டா வலப்பக்கம் போவும். எடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறி வரும். நீங்க தொடக்கத்துலயே முஷ்டிய முறுக்கிருவிய. அப்ப முன்னங்கைத் தசை பூட்டிக்கிடும், மணிக்கட்டு சொடுக்காது, விடுத நேரமும் ஒரு போல வராது. கைய பின்னால கொண்டு போகும்போது தட்டு விழாத அளவுக்குப் பிடிச்சாப் போதும். நெஞ்சத் தாண்டி வரும்போது இறுக்கணும். அதுலயும் ஆள்காட்டியும் பெருவெரலும்தான் கூடுதலா. கடைசியா தட்ட விடுதது ஆள்காட்டி வெரல்.

ஷிபு அண்ணன்: வீட்லயே சோதிக்கலாம். வலக்கையில பிடிச்சுட்டு எடக்கையால தட்டுக்க தூர விளிம்பப் பிடிச்சு வெளிய இழுங்க. சும்மா வழுக்கிட்டு வந்தா இறுக்கம் போதாது, இல்லன்னா வெரல் நுனி சுவர்ல இல்ல. ஒரு சொடக்கோட வெடுக்குன்னு வந்தா சரி.

தங்கராஜ் மாமா: இழுத்தேன். வழுக்குது.

ஷிபு அண்ணன்: கை தொடச்சியளா?

தங்கராஜ் மாமா: 🤐

லிஜி அக்கா: மாமா நேந்திரங்காய் சிப்ஸ் தின்னுட்டு இருப்பாவ.

தங்கராஜ் மாமா: ரெண்டே ரெண்டு.

லிஜி அக்கா: இஞ்ச நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு இதச் சொல்லித்தான் ஆவணும். தேங்காண்ணெய் தேச்ச தலையத் தடவிட்டு வந்து தட்டப் பிடிச்சா எந்தக் கிரிப்பும் நிக்காது. ஆளுக்கு ரெண்டு துவர்த்து வேணும், ஒண்ணு கைக்கு, ஒண்ணு தட்டுக்கு. எல்லாரும் தட்டுக்க மேல்பாகத்தத் தொடச்சுட்டு விட்டுருவாவ. தொடைக்க வேண்டியது அடியில உள்சுவர், வெரல் படுத எடம். சாக்குப் பொடி போட்டா கொஞ்சமாப் போடுங்க, வேர்வையில கலந்து கூழாச்சுன்னா வழுக்கும். மழ நேரத்துல வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கத் தட்ட எடுக்காதீங்க, மட்டமான பிளாஸ்டிக்ல வாற விலை கொறஞ்ச தட்டுதான் கையில நிக்கும். சீக்கிரம் தேயும், அது வேற காரியம்.

அஜின்: சொத்தவிளைக் கடக்கரையில எறிஞ்சப்போ மணல் ஒட்டிச்சு, அது கிரிப் குடுக்காதா?

லிஜி அக்கா: குடுக்காது. மணல் சுவருக்கும் வெரலுக்கும் நடுவில உருளும். ஆள்காட்டி வெரல் தோலும் உரியும். தண்ணி ஊத்திக் கழுவி, தொடச்சுட்டு எறி. அஞ்ச கடக்காத்து முகத்துக்கு நேரா அடிக்கும்போது மூக்கு ஒரு துளி தூக்கினாலும் தண்டனை ரெட்டி. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடிக் காத்துலயும் அதே கததான்.

ஸ்டெல்லா சித்தி: ஃபோர்ஹேண்ட்ல, உள்ளங்கைய முன்னால காட்டி பக்கவாட்டுல எறியுததுல, என்ன பிடி? மவன் அல்டிமேட் (ரெண்டு அணியா தட்ட எறிஞ்சு பிடிக்குத ஆட்டம்) ஆடின பழக்கத்துல ரெண்டு வெரலையும் கவட்டை மாதிரி விரிச்சுப் பிடிக்கான். தட்டு துடிச்சுட்டே போவுது.

லிஜி அக்கா: அல்டிமேட் தட்டு 27 செ.மீ. குறுக்களவு, ரிம் ஆழம், அதுல அந்தப் பிடி நிக்கும். நம்ம டிரைவர் 21 செ.மீ. சொச்சம்தான், ரிம் ஆழமும் கொறவு. நடுவெரலுக்க பக்கச்சதைய உள்சுவர்ல அழுத்தணும், ஆள்காட்டிய அதுக்கு ஒட்டி அடுக்கணும், பெருவெரல் மேல. மோதிரவெரலும் சுண்டுவெரலும் மடங்கி, ரிம்முக்கு வெளிய முட்டுக் குடுக்கணும். விரிச்ச பிடிய கிட்டத்துல எறிய வச்சுக்கலாம். துடிக்கதுக்கு இன்னொரு காரணம், விடும்போது உள்ளங்கை கீழ பொரளுதது. எறிஞ்சு முடிச்ச பொறவும் உள்ளங்கை வானம் பாத்து இருக்கான்னு பாருங்க.

அஜின்: தங்கச்சிக்கு ஆள்காட்டி வெரல்ல கீறல் விழுது அக்கா. ரிம்முக்கு அடியில கூரா ஏதோ இருக்கு.

ஷிபு அண்ணன்: புதுத் தட்டுல அச்சுல பிதுங்கின பிளாஸ்டிக் பிசிர் இருக்கும். நைசான உப்புத்தாள் போட்டு பிசிர மட்டும் எடுத்துரு. அச்சுக் குறையச் சரிசெய்ய லேசா தேய்க்கது போட்டி விதியிலயே அனுமதி உள்ளது. ரிம்முக்க உருவம் மாறுத அளவுக்குத் தேச்சா அது சட்டவிரோதத் தட்டு. நகத்தையும் வெட்டச் சொல்லு, நீள நகம் சுவர்ல முட்டினா வெரல் தன்னால பின்வாங்கும்.

அஜின்: சரி அண்ணே. நாளைக்கு பிடி, மணிக்கட்டு, பெருவெரல் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துருதேன்.

ஷிபு அண்ணன்: எல்லாத்தையும் ஒரே நேரம் சொல்லாத மக்கா. முதல்ல பள்ளத்துல ரிம் உக்காருதது மட்டும். நின்ன எடத்துலயே, ஓடி வராம, பாதி பலத்துல பத்து எறி. தட்டு மட்டமாப் போச்சுன்னா பொறவு பெருவெரல். ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது சரியாக்கிச்சுன்னு தெரியாது. முழங்கை வலிச்சா அன்னைக்கு நிறுத்திரு, அனேகமா இறுக்கம் கூடினதுதான் காரணம்.

ஸ்டெல்லா சித்தி: குறிக்கு என்ன வைக்கப் போறிய? தட்டப் பிடிச்சு நிறுத்துத சங்கிலிக் கூடை இன்னும் வரலியே.

தங்கராஜ் மாமா: பனையோலைக் கடவத்த கம்புல கெட்டி வச்சிருக்கேன்.

ஷிபு அண்ணன்: தாராளம். 1975ல கலிஃபோர்னியாவுல எட் ஹெட்ரிக் இந்த ஆட்டத்துக்கு முதல் நிரந்தர மைதானம் போட்டப்போ குறி வெறும் கம்பம்தான். தட்டு பட்டதா படலையான்னு வழக்கு வந்த பொறவுதான் சங்கிலிக் கூட வந்தது. நம்மகிட்ட கடவம் இருக்கு, வழக்கு வராது.

லிஜி அக்கா: தங்கராஜ் மாமா இருந்தா வரும் 😄

தங்கராஜ் மாமா: காலம்பற பால்வெட்டு உண்டு. மரத்துல சிரட்டையெல்லாம் நெறஞ்சு இருக்கும், தட்டு பட்டா பால் போவும். பால் எடுத்து முடிய பத்தாவும். அதுக்கு முன்னால ஒருத்தரும் வரப்பிடாது.

அஜின்: 👍 பத்தரைக்கு வாறோம் மாமா.

லிஜி அக்கா: துவர்த்து ரெண்டு. சிப்ஸ் வேண்டாம்.