‘ரன்’ என்ற ஒரு வினைச்சொல்: கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, வேலைக்குப் போகும் சிலருக்கு மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இப்போது ‘ரன்’ வந்து நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்பார்கள். பின்னால் முதலிடத்துக்கு வந்தது இந்த ‘ரன்’, வினையாக மட்டும் 645 பொருள்களோடு!

பாதி வேலையை நம் ‘ஓடு’ செய்துவிடுகிறது. படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, இதெல்லாம் சுலபம். ‘ஷி ரன்ஸ் எ ஷாப்’ என்றால் மட்டும் நாம் ‘நடத்துகிறார்’ என்போம். தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்கிறார்கள், பிரிட்டனில் நம்மைப் போலவே ‘நிற்கிறார்கள்’. (அங்கேயாவது ஒத்துப்போகிறதே!)

சிக்கல் கூடவே ஒட்டிவரும் சின்னச் சொற்களில். ‘தி மில்க் ரான் அவுட்’, ‘வி ரான் அவுட் ஆஃப் மில்க்’ இரண்டும் பால் தீர்ந்த கதைதான். ஆனால் ‘வி’ வந்தால் ‘ஆஃப்’ ஏன் வேண்டும் என்று கேட்கிறார்கள். விதியாகச் சொன்னால் தலையில் ஏறவில்லை. எளிதாக விளக்க வழி உண்டா?

அப்புறம் ‘ரன் இட் பை மீ’, அதாவது முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள் என்பது. இதையே மேலாளரிடம் ‘கேன் ஐ ரன் திஸ் பை யூ’ என்று சொல்லலாமா, மரியாதைக் குறைவாகப் படுமா? வெளிநாட்டு அலுவலகங்களோடு பேசுகிறவர்கள் சொல்லுங்கள். அகராதி விளக்கம் வேண்டாம், நீங்கள் காதால் கேட்ட வாக்கியங்களாகத் தந்தால் போதும்.